செம்பு செப்பும் சேதி!

கல்வராயன் மலை கால் நீட்டிப் படுத்திருக்கும் அடிவாரம். கோமுகி அணைத் தண்ணீரும், கிணற்றுத் தண்ணீரும், உழவனின் வியர்வைத் தண்ணீரும் கலந்து கரும்பாகி, அந்தக் கரும்பு கூட்டுறவு ஆலையிலே சர்க்கரையாகும் ஊர். அதுதான் கச்சிராயபாளையம். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. ஆனால், மலையிலிருந்து மரவள்ளி இறங்கும் பாதையும், ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டியும், மோட்டார் ஓடுமா நின்றுவிடுமா என்ற உழவனின் கவலையும் மாவட்டம் பிறந்ததால் மாறிவிடவில்லை.

அந்த ஊருக்கு அண்மையில் தோழர்களைக் காணச் சென்றிருந்தோம். அரசியல் பேசினோம், தேர்தல் பேசினோம், டில்லியின் போக்கைப் பேசினோம். பேச்சு முடிந்து எழுந்தபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு தோழர் அருகே வந்தார். ஒயர்மேன் வேலை பார்ப்பவர். சட்டைப்பையிலிருந்து இரண்டு கம்பித் துண்டுகளை எடுத்து நமது உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணே, ரெண்டும் ஒரே நீளம், ஒரே தடிமன். எது கனமா இருக்குன்னு சொல்லுங்க."

சொன்னோம்.

"அதுதான் காப்பர். இன்னொண்ணை இப்பப் பாருங்க" என்று கூறிவிட்டு, பேனாக்கத்தியால் மெல்லச் சுரண்டினார். மேலே சிவப்பு; உள்ளே வெளுப்பு! செம்பு பூசிய அலுமினியம். வெளியே ஒரு நிறம் காட்டி உள்ளே வேறு நிறம் வைத்திருப்போரை அரசியலிலே நாம் கண்டதுண்டு. கடைத்தெருவிலும் அந்தச் சரக்கு வந்து சேர்ந்துவிட்டது போலும்!

அந்தக் கம்பி வந்த கதையையும் அவரே சொன்னார். மலையடிவாரத்திலே ஒரு சிறு விவசாயி. போர் போட நகை அடகுக்குப் போயிற்று. மோட்டார் வாங்க வட்டிக்குக் கடன். மிஞ்சிய காசிலே, 'விலை மலிவு' என்று கேபிள் வாங்கினார். ஒரு பருவத்திலே இருமுறை மோட்டாரில் காயில் எரிந்தது. முதல்முறை, 'வோல்டேஜ் வரவில்லை' என்று மின்வாரியத்தைத் திட்டினார். இரண்டாம்முறை, 'இணைப்பு சரியில்லை' என்று நமது தோழரைத் திட்டினார். மின்வாரியம் பழி சுமந்தது. ஒயர்மேன் பழி சுமந்தார். கடன் சுமந்தவர் விவசாயி. கம்பியைச் செய்தவன் மட்டும் எதையும் சுமக்கவில்லை. அவன் பெயர்கூட அந்தக் கேபிளின் மேலுறையில் இல்லை!

"இதுக்கெல்லாம் ஒரு சட்டம் இருக்குமே அண்ணே? அதை யாரு எழுதுறாங்க?" என்று கேட்டார் தோழர்.

கேள்வி சிறிது. ஆனால் மேடையிலே கேட்கப்படும் பெரிய கேள்விகள் பலவற்றைவிடக் கூரியது. யார் எழுதுகிறார்கள்? அதைத்தான் இன்று ஆராயப் புகுகிறோம்.

கம்பியின் கணக்கு

முதலில், கம்பியிலே நடக்கும் கொள்ளை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரரிடம் 'ஒன்றரை எம்.எம். ஒயர்' என்று கேட்கிறோம். அதன் பொருள், உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப்பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் என்பது. அத்தகைய செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, 20 டிகிரி வெப்பத்தில், 12.1 ஓமுக்கு மேல் மின்தடை காட்டக் கூடாது. வீட்டு ஒயரிங்குக்கு உரிய முறுக்கிழைக் கம்பிக்கு வகுக்கப்பட்ட அளவு இது.

கடைகளில் விற்கப்படும் 90 மீட்டர் காயில் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அதன் மின்தடை ஏறத்தாழ 1.09 ஓம். அதிலே 10 ஆம்பியர் மின்சாரம் ஓடினால், கம்பி தானே தின்று வெப்பமாக்கி வெளியே விடுவது சுமார் 109 வாட். சரி. செய்தவன் செம்பிலே கால் பங்கைத் திருடிவிட்டான் என்று வைத்துக் கொள்வோம். தடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 109 வாட் 145 வாட்டாகிறது. செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியம் என்றாலோ, தடை ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. திருடியவன் செம்பை ஒருமுறைதான் திருடினான். ஆனால் அந்தக் கம்பி, சுவருக்குள்ளே புதைந்து கிடந்து, ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு மணியும், வீட்டுக்காரனின் மின்கட்டணத்தைத் திருடிக்கொண்டே இருக்கிறது! வெப்பத்தால் மேலுறை வறண்டு வெடித்தால் திருட்டு தீயாகிறது.

மோட்டாருக்குச் செல்லும் கேபிளிலும் இதே கணக்குத்தான். கம்பியிலே அழுத்தம் விழுந்துவிட்டால், மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜ் குறைகிறது. பாரம் குறையவில்லை, தண்ணீர் அதே ஆழத்திலிருந்துதான் ஏற வேண்டும். எனவே மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கிறது, காயில் சூடேறுகிறது, கருகுகிறது. உழவர் அனைவருக்கும் இலவச மின்சாரம் என்று 1990-இல் கலைஞர் அரசு ஆணையிட்டது. 2021-இல் ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகள் தரும் திட்டம் தொடங்கிற்று. அரசு கட்டணமின்றி அனுப்பும் மின்சாரம் மின்கம்பம் வரையில் ஒழுங்காக வந்து சேர்ந்து, கம்பத்திலிருந்து கிணற்றுக்குப் போகும் நூறடிக் கம்பியிலே களவு போகுமென்றால், அதைப் பார்த்துக் கொண்டு சும்மா இருக்கலாமா?

முத்திரையும் அதன் முன்கதையும்

சட்டம் இருக்கிறதா என்று தோழர் கேட்டாரே, இருக்கிறது. 1947-இல் இந்தியத் தர நிறுவனம் அமைந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் மூன்று முதலெழுத்துகளே நாம் அறிந்த ஐ.எஸ்.ஐ. முத்திரை. 1952-இல் அந்த முத்திரைக்குச் சட்டம் வந்தது. 1987-இல் அந்த நிறுவனமே இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறியது. நிறுவனத்தின் பெயர் போயிற்று, முத்திரை மட்டும் பழைய பெயரோடு நிலைத்துவிட்டது. இன்று நடப்பிலிருப்பது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். 2003-இல் பிறப்பிக்கப்பட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணை, வீட்டு ஒயர்கள் முதலிய மின்பொருள்களுக்கு அந்த முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரை இல்லாத ஒயரைச் செய்வதும் குற்றம், விற்பதும் குற்றம்.

பி.வி.சி. ஒயர்களுக்கான தரத்தின் எண் ஐ.எஸ். 694. 1964-இல் செம்புக்கு ஒரு பாகம், அலுமினியத்துக்கு ஒரு பாகம் என்று அது இரு பாகங்களாக இருந்தது. பிறகு 1977-இலும், 1990-இலும், 2010-இலும் திருத்தி எழுதப்பட்டது. உள்ளிருக்கும் கம்பிக்கு ஐ.எஸ். 8130. மேலுறைக்கு ஐ.எஸ். 5831. சோதனை செய்யும் முறைகளுக்கு ஐ.எஸ். 10810. பெரிய கேபிள்களுக்கு ஐ.எஸ். 1554, ஐ.எஸ். 7098. கட்டாக முறுக்கி மேலே தொங்கவிடும் கேபிளுக்கு ஐ.எஸ். 14255. எண்ணைக் கேட்டு எவரும் மிரள வேண்டியதில்லை. குறளுக்கு எண் உண்டு, நிலத்துக்குச் சர்வே எண் உண்டு, கம்பிக்கும் ஓர் எண் உண்டு, அவ்வளவே!

இந்த எண்களை எழுதுவது டில்லியிலே குளிர்சாதன அறையில் இருக்கும் ஓர் அதிகாரியா? பலர் அப்படித்தான் எண்ணிக் கொண்டிருக்கின்றனர். இல்லை. மின்கேபிள்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது, ஈ.டி.டி. 09 என்பது அதன் குறியீடு. கேபிள் ஆலைகளின் பொறியாளர்கள், கேபிள் வாங்கும் மின்வாரியங்கள், சோதனைக் கூடங்கள், அரசுத் துறைகள் என்று பல தரப்பினரும் அதிலே உட்காருகின்றனர். வரைவு எழுதப்படுகிறது, கருத்துக் கேட்டு வெளியிடப்படுகிறது, எவர் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். அதன் பிறகே அது தரமாகிறது. எழுதிய தரத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டும் என்பது முறை.

'ஆலைக்காரனைக் கூப்பிட்டு ஆலைக்குச் சட்டம் எழுதச் சொல்வதா? ஆட்டுக்கு ஓநாய் காவலா?' என்று கேட்கத் தோன்றும். பாட்டாளித் தோழர்கள் கேட்கவும் வேண்டும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால், பொருளின் உள்ளே நுழைந்து பார்த்தபோதுதான், ஆலை அறிந்ததை ஆலையிலிருந்து கேட்டுப் பெறாமல் நல்ல தரம் எழுத முடியாது என்பது விளங்கிற்று.

ஆலை அறிந்ததும் அலுவலகம் அறியாததும்

ஓர் எடுத்துக்காட்டு. பழைய ஒயர்மேன்கள் இன்றும் 'மூணு இருபது', 'ஏழு இருபது' என்று சொல்வதுண்டு. மூன்று இழை, ஏழு இழை. ஒவ்வோர் இழையும் இருபதாம் நம்பர் கனம் என்று பொருள். ஆங்கிலேயர் வகுத்த கம்பிக் கணக்கு அது. 1884-இல் அவர்கள் நாட்டிலே சட்டமான அளவு. இழையை எண்ணினால் போதும், கனத்தை அளந்தால் போதும் என்ற காலம். இன்றைய தரமோ இழையின் கனத்தை அளந்து மட்டும் திருப்தி அடைவதில்லை; மின்தடையை அளக்கிறது. ஏன்?

கம்பி இழுக்கும் அச்சு தேயும். தேயத் தேயக் கம்பியின் கனம் மயிரிழை மாறும். இழைகளை முறுக்கும்போதும், இறுக்கும்போதும் வடிவம் மாறும். எனவே கனத்தை மட்டும் சட்டமாக்கினால், ஒழுங்காகச் செய்கிறவன் மயிரிழை மாற்றத்துக்காகத் தண்டனை பெறுவான். மட்டமான உலோகத்தைச் சரியான கனத்தில் இழுத்தவனோ தப்பித்துக் கொள்வான்! மின்தடையை அளந்தாலோ ஏமாற்று நடக்காது. செம்பு குறைந்தாலும் தடை கூடும். செம்பிலே கலப்படம் செய்தாலும் தடை கூடும். அலுமினியத்துக்குச் செம்பு பூசினாலும் தடை கூடும். 1.5 என்பது பெயர்; 12.1 என்பதே தீர்ப்பு. ஒரே ஓர் எண்ணாலே மூன்று திருட்டுக்கும் கதவடைத்தாயிற்று. அச்சு தேய்வதைக் கண்ணால் கண்டவனும், சோதனைக் கூடத்திலே தடையை அளந்தவனும், வாங்கி ஏமாந்தவனும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால் விளையும் பயன் இது.

இன்னொன்று. மேலுறையிலே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கேபிள் கெட்டது. அப்படியானால் ஒவ்வொரு மீட்டரையும் சோதிக்க வேண்டுமா? வேண்டும். எப்படி? ஓடுகிற கேபிளை உயர் அழுத்தம் உள்ள மின்முனை வழியே செலுத்தினால், ஓட்டை உள்ள இடத்தில் பொறி தட்டும்; எந்திரம் நிற்காமலே குறை தெரிந்துவிடும். இதை ஆலை சொல்லியாக வேண்டும். சில சோதனைகளோ கேபிளை அழித்தே செய்ய வேண்டியவை: எரித்துப் பார்ப்பது, சூட்டடுப்பில் நாள் கணக்கில் வைத்துப் பார்ப்பது போன்றவை. அவற்றை ஒவ்வொரு காயிலுக்கும் செய்தால் விற்கக் காயில் மிஞ்சாது! ஆகவேதான், வகைக்கு ஒருமுறை செய்யும் சோதனை, சரக்கை ஏற்கும்போது மாதிரி எடுத்துச் செய்யும் சோதனை, ஒவ்வொன்றுக்கும் கட்டாயம் செய்யும் சோதனை என்று மூன்றாகத் தரத்திலே பிரித்து வைத்திருக்கின்றனர். ஆலை அனுபவம் அற்றவர் எழுதியிருந்தால், ஒன்று, செய்ய முடியாத சட்டமாக இருந்திருக்கும். அல்லது, செய்து பயனில்லாத சட்டமாக இருந்திருக்கும். செய்ய முடியாத சட்டம் லஞ்சத்தை வளர்க்கும். பயனற்ற சட்டம் களவை வளர்க்கும்.

நாட்டிலே செம்புக்குப் பஞ்சம் வந்த காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1960-களில் அலுமினியக் கம்பிக்குத் திரும்பினர். அலுமினியம் மலிவு, கனமும் குறைவு, நல்லதுதான். ஆனால் அலுமினியத்தின் மேலே காற்றுப் பட்டால் மின்சாரத்தைத் தடுக்கும் படலம் படியும், திருகின் அழுத்தத்திலே அது மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் எரியும். இது சோதனைக் கூடத்திலே ஒரே நாளில் தெரியும் குறையன்று. சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்க்கும் ஒயர்மேன் ஆண்டுகள் கழித்துச் சொல்லும் குறை. அவன் சொல்வதைக் கேட்க ஒரு மேசை இல்லையென்றால், அந்த அறிவு அவனோடு போய்விடும்.

உழைப்பவனுக்கு ஏன் அங்கே இடம் வேண்டும் என்பதற்கு நெஞ்சை உருக்கும் சான்று ஒன்று உண்டு. 1997 ஜூன் 13. டில்லியிலே உப்ஹார் திரையரங்கம். மாடியிலே மக்கள் படம் பார்த்துக் கொண்டிருக்க, கீழே மின்மாற்றியில் தீ. 59 உயிர்கள் பலியாயின. புகையிலே மூச்சுத்திணறியவர்களே மிகப் பெரும்பாலோர். வெளியேறும் வழியை அடைத்து நாற்காலி போட்டிருந்த கொடுமையை நாடே பேசிற்று. தீயின் வேர் எது தெரியுமா? அன்று காலை பழுது பார்த்த கேபிளின் முனை. முனையிலே லக்கு வைத்து அழுத்த, கிரிம்பிங் கருவி பயன்படுத்தப்படவில்லை. சுத்தியலால் தட்டி முடித்தனர். மாலைக்குள் இணைப்பு நெகிழ்ந்தது, பொறி பறந்தது, எண்ணெய் கொட்டியது, எரிந்தது. கேபிள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. முனையை இணைக்கும் கையிலே தக்க கருவி இருக்க வேண்டும், அந்தக் கைக்குப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்பதை அந்த 59 உயிர்கள் நமக்குச் சொல்லிச் சென்றன.

புகை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பி.வி.சி. மேலுறை எரிந்தால் வருவது வெறும் புகையன்று. அமில வாயுவும் சேர்ந்து வரும். கண்ணை மறைக்கும், மார்பை அடைக்கும். அந்தக் கேடு குறைந்த மேலுறை செய்ய முடியும் என்று ஆலைகள் காட்டின. பிறகு 2018-இல் அதற்கென்று ஐ.எஸ். 17048 வந்தது. பள்ளிக்கூடமும், மருத்துவமனையும், திருமண மண்டபமும் கட்டுகிறவர்கள் அந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஓநாயையும் மறக்கவில்லை

ஆலைகளின் பங்கைப் பாராட்டினோம். உடனே, 'முதலாளிக்கு வக்காலத்தா?' என்று எவரும் நம்மைக் கேட்க வேண்டாம். நாணயத்தின் மறுபக்கத்தையும் நாமே திருப்பிக் காட்டுகிறோம்.

பிரிட்டனிலே 1899-இல் கேபிள் செய்வோர் சங்கம் ஒன்று பிறந்தது. தரம் குறையாத கேபிள் செய்வோம் என்று அதன் உறுப்பினர்கள் ஒன்றுகூடினர். சங்கத்தின் சரக்கு என்றால் நம்பி வாங்கலாம் என்ற பெயரும் கிடைத்தது. ஆனால், தரத்தைப் பேச உட்கார்ந்த அதே நாற்காலியில் அமர்ந்து விலையையும் பேசி வைத்துக் கொண்டனர்! அந்நாட்டின் ஏகபோக ஆணைக்குழு அதை ஆராய்ந்து 1952-இல் அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே சங்கம், ஒரு கையிலே தரம், மறு கையிலே கூட்டு விலை. நல்லதும் தீயதும் ஒரே கூரையின் கீழே!

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆலைகள் மேசைக்கு வர வேண்டும்; மேசை ஆலைகளுடையதாகிவிடக் கூடாது. பெரிய ஆலை மட்டும் உட்கார்ந்தால், தன்னிடம் மட்டும் உள்ள எந்திரத்தையே தரமாக எழுதப் பார்க்கும். பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு ஆலை, சோதனைக் கூடத்துக்குக் காசில்லாமல் கதவடைக்கும். கதவடைத்த ஆலையின் தொழிலாளி எங்கே போவான்? முத்திரை இல்லாத சரக்கை இரவிலே செய்பவனிடம் போவான். ஆக, பேராசையாலே உயர்த்திய தரம், கள்ளச் சரக்கையே வளர்த்துவிடும். வாங்குபவன் மட்டும் உட்கார்ந்தாலும் ஆபத்துத்தான். கைக்கு எட்டாத தரத்தைக் கேட்டு, ஏழைக்கு எட்டாத விலையிலே கொண்டு போய் நிறுத்திவிடுவான்.

கரும்பு விளைவிக்கும் தோழர்களுக்கு இது புதிதன்று. கரும்பு எடை போடும் இடத்தில், போடுகிறவனும் வாங்குகிறவனும் சேர்ந்து நின்றால்தான் தராசு நேராக நிற்கும். ஒருவன் மட்டும் நின்றால், அவன் எவ்வளவு உத்தமனாயினும், மற்றவன் மனத்திலே சந்தேகம் நிற்கும். கூட்டுறவு என்ற சொல்லின் பொருளே அதுதானே! கேபிள் தரத்துக்கும் அந்தக் கூட்டுறவு வேண்டும்.

கோவை காட்டும் வழி

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமன்று. பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்ததும் கோவை எழுந்தது. 1937-இல் அங்கே மின்மோட்டார் உருவாயிற்று. உழவனின் கிணற்றுக்குப் பம்பு செய்யும் பட்டறைகள் பெருகின. பட்டறைகள் பெருகியதோடு நிற்கவில்லை. தொழில் செய்வோர் சங்கமாகக் கூடினர். பம்புகளைச் சோதிக்கத் தங்களுக்கென்று சிட்டார்க் என்ற சோதனை ஆராய்ச்சி நிலையத்தையும் அமைத்துக் கொண்டனர். தனித்தனியே ஒவ்வொருவரும் வாங்க முடியாத கருவியை எல்லாரும் சேர்ந்து வாங்குவது! இதுதான் சிறுதொழில் பிழைக்கும் வழி. நீர்மூழ்கிப் பம்புக்கு ஐ.எஸ். 8034, அதன் மோட்டாருக்கு ஐ.எஸ். 9283 என்று தரங்கள் இருக்கின்றன. பம்புக்குச் செய்ததைக் கேபிளுக்கும் செய்யலாம். சிறு கேபிள் ஆலைகள் சேர்ந்து பொதுச் சோதனைக் கூடம் அமைக்க மாநில அரசு துணை நிற்க வேண்டும்.

உலக மேடையையும் நோக்குவோம். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலே கூடிய மின்னியல் மாநாடு, நாடுகளுக்கிடையே பொதுத்தரம் வேண்டும் என்றது. 1906-இல் இலண்டனில் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் பிறந்தது. விஞ்ஞானி கெல்வின் பிரபு அதன் முதல் தலைவர். அதிலே கேபிளுக்கு இருபதாம் எண் குழு. இந்தியாவும் அதிலே உறுப்பு நாடு. சூரிய மின்தகடுகளுக்கான கேபிளுக்கு ஐரோப்பியத் தரம் 2014-இல் வந்தது. உலகத் தரம் 2017-இல் வந்தது. நம் நாட்டுத் தரமான ஐ.எஸ். 17293 வந்தது 2020-இல். உலக மேசையிலே முதலில் உட்கார்ந்தவன், தன் எந்திரத்தையும் முதலில் மாற்றிக் கொள்கிறான். கடைசியில் கேள்விப்பட்டவன் அவனிடம் சரக்கு வாங்குகிறான். மேசையில் இல்லாதவன் சந்தையிலும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மொழி என்னும் பூட்டு

இனி, நமது இயக்கம் கேட்டே ஆக வேண்டிய கேள்விக்கு வருகிறோம். 'எவர் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம்' என்கிறார்கள். மகிழ்ச்சி! தரங்களை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம் என்றும் வழி செய்திருக்கிறார்கள். மேலும் மகிழ்ச்சி! ஆனால் எந்த மொழியில் படிப்பது? வரைவு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்; மொழிபெயர்ப்பு என்று வந்தால் இந்தியில். பேனாக்கத்தியால் சுரண்டிக் காட்டிய கச்சிராயபாளையத்துத் தோழருக்குத் தெரிந்தது தமிழ். நமது கேள்விக்கு விடை தெரிந்தவர் அவர். விடைத்தாள் மட்டும் அவர் கையிலே தரப்படவில்லை! கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசற்படியை ஆளுயரத்துக்குக் கட்டினால், அது திறந்த கதவாகுமா?

மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்கின் தரத்தை வகுக்கும் அதிகாரம், அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அமைவனத்தின் ஆட்சிக் குழுவுக்குத் தலைவர் டில்லி அமைச்சர். மாநில உரிமை பேசும் நமக்கு இது தெரியாததன்று. அந்த வாதத்தை நாம் விடப் போவதுமில்லை. ஆனால், அதிகாரம் அங்கே இருக்கிறது என்பதற்காக, நாற்காலியையும் நாம் கேட்காமல் இருக்கலாமா? உரிமைக்கு வாதாடுவோம், கிடைக்கும் இடத்தில் குரலும் கொடுப்போம். குழுக்கூட்டங்கள் இணையவழியிலும் நடக்கும் காலம் இது. தொலைவு இனித் தடையன்று.

எனவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: கேபிள், பம்பு, மின்கருவி பற்றிய தர வரைவுகள் தமிழிலும் சுருக்கமாக வெளிவர வேண்டும். அமைவனத்தின் அலுவலகம் சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது. அமைவனம் செய்யட்டும், செய்யாவிட்டால் மாநில அரசு செய்யட்டும்.

இரண்டு: பெரிய ஆலைகளோடு சிறு ஆலைகளின் சங்கங்களுக்கும் குழுவிலே இடம் வேண்டும். சென்று வரும் செலவும், அன்றைய வேலை இழப்பும் சிறியவனுக்குப் பெரிய பாரம். அதற்கு உதவித்தொகை வேண்டும்.

மூன்று: மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற லைன்மேனின் அனுபவம் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். மலைக்கிராமத்திலே, மரக்கிளை உரசும் பாதையிலே, ஐப்பசி அடைமழையிலே ஏறி நிற்பவனுக்குத் தெரியும், மேலே தொங்கும் கேபிளின் உறை வெயிலிலே எப்படி வெடிக்கிறது, கிளை உரசி எங்கே தேய்கிறது என்பது. அவன் பார்த்த பழுதுகளையெல்லாம் பதிவு செய்து அனுப்ப வாரியத்திலே ஒரு முறை வேண்டும். எரிந்த மோட்டாரும் வெடித்த கேபிளும் இன்று பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. அவை போக வேண்டிய முதல் இடம் சோதனைக் கூடம்.

நான்கு: முத்திரையில்லாத ஒயர் விற்பனையைப் பிடிக்கப் புறப்படுகிறவர்கள், கடைத்தெருவிலே பத்துக் காயில் வைத்திருக்கும் சிறு வியாபாரியோடு நின்றுவிடக் கூடாது, பெயரில்லாக் கேபிள் பிறக்கும் கொட்டகை வரையில் செல்ல வேண்டும்.

இவை நாம் பிறரைக் கேட்பவை. நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டியதும் உண்டு. ஒயர் வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண் இருக்கும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து, அந்த எண் மெய்யா பொய்யா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரசீது கேளுங்கள். கிளைக் கழகப் படிப்பகங்களிலே, நாளேடுகளோடு ஐ.எஸ். 694-இன் சாரத்தையும் தமிழில் எழுதித் தொங்கவிடுங்கள். ஒயர்மேன் தோழர்கள் மாதம் ஒருமுறை கூடி, தாங்கள் கண்ட கோளாறுகளை ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். ஊர், நாள், கம்பியின் அளவு, என்ன நேர்ந்தது என்று நான்கு வரி போதும். அடுத்த முறை தரம் திருத்தப்படும்போது, அந்த நோட்டு டில்லிக்குப் போகட்டும்.

சட்டமன்றத்திலே எழுதப்படும் சட்டத்தைப் பற்றி நமக்குத் தெரியும். அதற்காக வாக்குக் கேட்டிருக்கிறோம், சிறை சென்றிருக்கிறோம். சட்டமன்றம் செல்லாமலே நமது வீட்டுச் சுவருக்குள் நுழையும் சட்டங்களும் உண்டு என்பதைத்தான் அந்த இரண்டு கம்பித் துண்டுகள் சொல்லின. அவற்றை எழுதும் மேசையிலே ஆலை இருக்க வேண்டும். ஆலையோடு உலையில் நிற்பவனும், கம்பத்தில் ஏறுபவனும், கிணற்றடியில் காத்திருப்பவனும் இருக்க வேண்டும்.

விடைபெறும்போது தோழர் அந்தக் கம்பிகளைத் திரும்ப வாங்கிக் கொள்ளவில்லை. "வச்சுக்குங்க அண்ணே, கூட்டத்துல காட்டுங்க" என்றார். இரண்டும் இன்று நமது மேசை மேல் இருக்கின்றன. எழுதும்போது அவ்வப்போது கையில் எடுத்துப் பார்க்கிறோம். கனமானது எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிட முடிகிறது.